ஏழாம் மாடியில் நீல நாற்காலி

சி-12-7,
கோலாலம்பூர்.
ஆகஸ்ட் 3

அன்புள்ள வேணிக்கு,

உன் அக்கா அமராவதி எழுதுவது. தெலுக் இந்தானில் நீயும் உன் தம்பி குடும்பமும் நலமாக இருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. பதினைந்து நாள் அடித்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள். குரல் இனிமையாக இருந்தது. கொஞ்ச நேரம் அவளிடமே உன்னை விசாரித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்ப்பவளுக்குக் கோடு போட்ட தாளுக்கா பஞ்சம்?

முதலில் முக்கியமான செய்தி. உன் வீட்டு ஒப்பந்தம் அக்டோபர் கடைசியோடு முடிகிறது. நீ நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் சி-12-8 காத்திருப்போர் பட்டியலில் உள்ள யாருக்கோ போய்விடும். பிளாட் ஆபிஸ்காரர்கள் அந்த நோட்டீஸை உன் கிரில் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வெந்நீர்த் துணி வைத்து, கிழியாமல் உரித்தெடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். இருபது வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துவிட்டு, நாளைக்கு வேறு யாரோ அந்தச் சுவரில் ஆணி அடிப்பதை நான் கேட்க வேண்டுமா?

உன் வீட்டுக்காரர் இராமையா அண்ணன் உட்காரும் நீல நாற்காலி உன் வாசலிலேயே இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். லோரி ஓட்டி முடித்து வந்து, அதில் உட்கார்ந்து, காலைக் கிரில்லில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் பசியாறியாச்சா என்று கேட்பாரே. காலைச் சாப்பாட்டுக்குக் கேட்கிற அந்தக் கேள்விதான் சாயங்காலம் ஆறு மணிக்கும். இப்போது என்னை யாரும் கேட்பதில்லை.

இனி நீ கேட்க விரும்பாத விஷயம். ஆனாலும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் உன் பேரால்தான் அது நடந்தது.

நீ வீட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு நம் மாடியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லிஃப்ட் சரியான நாளில்கூட, உள்ளே ஏறியதும் எல்லாரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்போம். போன மாதம் லிஃப்ட் மறுபடியும் நின்றது. அன்றைக்கு நம் மூன்றாவது வீட்டு ஹஸ்னா அக்காவுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, பதினேழு மாடிக்கும் ஏறி இறங்கி, "அஞ்சு மணிக்குக் கீழ் மண்டபத்துல கூட்டம். நாற்காலி நீங்களே தூக்கிட்டு வாங்க. வராதவங்க வீட்டுக் கதவ இனிமே நான் தட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். முழங்கால் வலிக்காரர். அவர் ஏறினார் என்பதற்காகவே எல்லாரும் இறங்கினோம்.

எல்லாரும் உட்கார்ந்ததும், ஹஸ்னா அக்கா ஒரு துணிக்கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே மூன்று பூனைகள். நம் பிளாட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? "இதுதான் என் காரணம். அன்னிக்கு வேணி ஓங்கித் தட்டுனப்ப, ஆபிஸ்காரங்க சோதனைக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். இதுங்க மூணையும் குளியலறையில போட்டு அடைச்சிட்டு மூச்ச அடக்கி உக்காந்திருந்தேன். மூணு பூனைக்காக ஒரு மனுஷன விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். பூனைகள் மேசையிலிருந்து குதித்து மண்டபம் முழுக்க உலாத்தின. யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து லியோங் அங்கிள் எழுந்தார். வீட்டில் பாவ் பன் அவித்து விற்கிறார் என்பது ஊருக்கே தெரியும், ஆபிஸுக்கு மட்டும் தெரியாது. "சட்டில பாவ் வேகுதுலா. ஆவி வெளிய போயிருமேன்னு கதவடியில ஈரத்துணி வெச்சு அடைச்சிட்டு நின்னேன். அந்த ஆளு நம்ம காஸ் தோங்க எத்தன தடவ பன்னெண்டு மாடி தூக்கியாந்து கொடுத்திருக்கான்" என்றார். உண்மைதானே. லிஃப்ட் நின்ற நாளிலெல்லாம் எல்லார் வீட்டு காஸ் சிலிண்டரையும் லோரி வாரில் கட்டி முதுகில் தூக்கி வந்தவர் அண்ணன். அவருக்கு நெஞ்சடைத்த அன்றைக்கு, லிஃப்டும் ஓடாமல், அவரைத் தூக்க யாரும் இல்லாமல், நீ ஒருத்தியாகத் தோளில் சாய்த்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கினாய். ஏழாம் மாடித் திருப்பத்தில் அவர் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் வீட்டில் பதிவில்லாத மைத்துனர், ஒருவர் வீட்டில் மகளின் கணவர். நம் மாடியில் ஒளிக்க ஒன்று இல்லாத வீடே இல்லை போலிருக்கிறது. ஓங்கித் தட்டினால் ஆபிஸ் என்று நாமெல்லாம் பழகிவிட்டோம். தெரிந்தவர்கள் பேர் சொல்லித்தானே கூப்பிடுவார்கள். அன்றைக்கு உனக்குக் குரல் வரவில்லை.

என் முறை வந்தபோது நான் அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னேன். உன்னிடமும் அதைத்தானே சொன்னேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேற்று ஒரு கனவு. நம் கட்டடத்தில் வீடுகளே இல்லை, படிகள் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி. விடிந்ததும் இதை ஹஸ்னா அக்காவிடம் சொன்னேன். "நல்ல யோசனையா இருக்கே" என்றார். கனவு என்றுதான் சொன்னேன், அவர் காதில் யோசனை என்றே விழுந்திருக்கிறது. படிக்கட்டில் நாற்காலி போடப் போகிறார்களாம். அண்ணனுடைய நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா? உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

என் வீட்டில் இப்போதெல்லாம் அரிசி சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அன்பு அக்கா,
அமராவதி


சி-12-7,
கோலாலம்பூர்.
செப்டம்பர் 9

அன்புள்ள வேணிக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் பதில் வரவில்லை. தபால்காரர் கீழே பெட்டிகளில் போட்டுவிட்டுப் போகும் நேரம் எனக்கு இப்போது மனப்பாடம். நேற்று உன் பெட்டியையும் சேர்த்துத் திறந்து பார்த்தேன். பல் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒன்று இருந்தது, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

புகைமூட்டம் வந்துவிட்டது. தெலுக் இந்தானிலும் இருக்குமே. இங்கே மூன்று நாளாக எதிர் புளோக் தெரியவில்லை. நெடுஞ்சாலை தெரியவில்லை. கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றால் பன்னிரண்டாம் மாடி மட்டும் தனியாக எங்கோ மிதந்து போய்க்கொண்டிருப்பது போல இருக்கிறது. கீழே ஊர் ஒன்று இருந்தது என்பதே மறந்துபோகிறது. சூராவில் அசர் தொழுகைக்கு அழைக்கும்போதுதான், ஓ, தரை இன்னும் இருக்கிறது என்று நினைவு வருகிறது.

உன் அனுமதி வராமலே நாற்காலியை எடுத்துவிட்டேன். இல்லை, எடுக்கவிட்டேன். திட்டுவதானால் வந்து திட்டு.

விஷயம் இதுதான். லிஃப்ட் எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று அந்த லிஃப்டுக்கே தெரியாது. அதை நம்பி இனி யாரையும் விடப் போவதில்லை என்று கூட்டத்தில் முடிவாயிற்று. ஒரு நோயாளியைப் பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒருவரோ இருவரோ தூக்கி இறக்க முடியாது. ஆனால் இரண்டே இரண்டு மாடி என்றால் யாரும் இறக்கலாம். அதனால் ஒவ்வொரு இரட்டை மாடிக்கும் நான்கு பேர். பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் பத்துவரை தூக்குவார்கள். அங்கே காத்திருக்கும் பத்தாம் மாடிக்காரர்கள் வாங்கி எட்டில் கொடுப்பார்கள். இப்படியே கைமாறிக் கைமாறி அடிவரை. தூக்குவதற்கு லியோங் அங்கிளின் பிரம்பு நாற்காலி. அதில் கட்டியிருப்பது எந்த வார் தெரியுமா? அண்ணன் காஸ் தோங் தூக்கிய அதே லோரி வார். அங்கிளிடம் கொடுத்து வைத்திருந்தாராம்.

இனிமேல் ஆபத்துக்கு யாரும் கதவைத் தட்டுவதில்லை. சட்டி மூடியும் கரண்டியும்தான். ஆபிஸ்காரன் எவனும் சட்டி மூடியை அடித்துக்கொண்டு சோதனைக்கு வரமாட்டான் என்று ஹஸ்னா அக்கா சொன்னார். ஒரு மாடியில் அடித்தால் கீழ் மாடிக்காரர்கள் வாங்கி அடிக்க வேண்டும், அதற்கும் கீழே அவர்கள். தூக்குகிறவர்கள் வருவதற்குள் எல்லாரும் படிக்கு வந்துவிடலாம்.

ஒத்திகை நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நோயாளியாக உட்கார லியோங் அங்கிளே முன்வந்தார். அவருடைய எடை உனக்குத் தெரியும். எட்டாம் மாடிக்காரர்கள், "அங்கிள், நெசமாவே ஒடம்புக்கு முடியலன்னா கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிருங்க, நாங்க ஊருக்குப் போயிர்றோம்" என்றார்கள். அவர் ஒரு கையில் கோப்பி-ஓ கிளாஸைப் பிடித்துக்கொண்டு, ராஜா மாதிரி, "மெதுவாலா, சிந்துது" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். முதல் தடவை இருபத்தாறு நிமிஷம். ஐந்தாவது தடவை பதினொன்று. வெகுநாள் கழித்து நம் படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் ஏழாம் மாடி வந்ததும் சிரிக்க முடியவில்லை.

கணக்குப்படி பத்திலும் எட்டிலும் ஆறிலும்தான் நாற்காலி வேண்டும். ஏழில் வேண்டியதில்லை. ஆனாலும் நீல நாற்காலியை அங்கேதான் வைத்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் யாரும் அதில் உட்காரவில்லை, ஒதுங்கிப் போனார்கள். பிறகு பதினைந்தாம் மாடி வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மூச்சு வாங்கி வந்து, ஒன்றும் தெரியாமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உடனே ஏழாம் மாடிக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அங்கே எப்போதும் ஒரு ஜாடியும் குவளையும் இருக்கின்றன. உட்காருகிறவர்களை வீட்டுக்குள்ளிருந்து யாராவது, "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வேணி. நான் சொல்லவே இல்லை.

இன்னொரு காரியம் பெரியது. ஒளித்து ஒளித்துத்தானே இந்தக் கதி வந்தது, நாமே நம் வீடுகளில் உள்ள எல்லார் பேரையும் எழுதி ஆபிஸில் கொடுத்துவிடுவோம் என்று ஹஸ்னா அக்கா சொன்னார். ஒரே சத்தம். பதிவில்லாத ஆள் இருந்தால் வீடு போகும் என்பது சட்டம். "ஒரு வீடுன்னா எடுத்துக்குவான். எல்லா வீடும்னா யாரக் கொண்டாந்து வெப்பான்?" என்று அவர் கேட்டார். கடைசியில் சரி என்றார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னையே எழுதச் சொன்னார்கள். வீடு வீடாகப் போகிறேன். பயந்து பயந்து பேர் சொல்கிறார்கள். சொன்ன பிறகு முகம் தெளிந்துபோகிறது. ஹஸ்னா அக்கா வீட்டில் பூனைகளின் பேரையும் எழுத வைத்துவிட்டார்.

என் வீட்டுக்கு எதிரே அமராவதி என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மகன் ஜோகூரில்தானே இருக்கிறான்.

உன் வீட்டுக்கு எதிரே என்ன எழுதுவது என்று ஹஸ்னா அக்காவைக் கேட்டேன். இரண்டு பேரையும் எழுது என்றார். கமலவேணி, இராமையா. எழுதினேன். அடிக்க மனம் வரவில்லை.

அண்ணன் கனவில் வருகிறார். புகைக்குள்ளே ஏழாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் மேலே ஏறி வருகிறேன். எல்லாரையும் கேட்கிறார், என்னை மட்டும் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் கூடையைக் காட்டி, மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன் அண்ணா என்கிறேன். கூடையில் ஒன்றுமே இல்லை.

தூசி உனக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொள். அக்டோபர் கடைசியை மறந்துவிடாதே. அம்மாள் துணை.

உன் அக்கா,
அமராவதி


சி-12-7,
கோலாலம்பூர்.
செப்டம்பர் 28

வேணி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நலம் விசாரித்துத் தொடங்கினால் மறுபடியும் பழையபடி ஏதாவது கதை அளந்துவிடுவேன். அதனால் நேராக எழுதுகிறேன்.

என் தங்கை பவானி என் வீட்டில் இருக்கிறாள். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏப்ரல் கடைசியில், புருஷனிடம் அடிபட்டு, ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். அவன் தேடி வருவான் என்று பயம். பதிவில்லாத ஆள் என்று ஆபிஸ் என் வீட்டைப் பறித்துவிடுமோ என்று அதைவிடப் பயம். ஐந்து மாதமாக அவளை வாசலுக்கு வரவிடவில்லை. அரிசி தீர்ந்த கதை இதுதான்.

போன வெள்ளிக்கிழமை புகை மிக மோசம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்குப் பவானிக்கு மூச்சு இழுப்பு வந்தது. மருந்தை உறிஞ்சினாள், கேட்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள், குரல் வரவில்லை. குரல் வராமல் போவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். லிஃப்ட் இரண்டு நாளாக நின்றிருந்தது.

சட்டி மூடியும் கரண்டியும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகின்றன. எல்லார் வீட்டிலும் நானே போய் மாட்டியவை. அதை எடுத்து அடித்தால் ஐந்து மாதப் பொய்யும் வெளியே வரும். நீ நம்ப மாட்டாய், அந்த நேரத்திலும் நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சா, இரண்டு மூச்சா. அந்த யோசனைக்காக என்னை நானே மன்னிக்கப் போவதில்லை. அப்புறம் கதவைத் திறந்துகொண்டு ஓடி, வெறிபிடித்தவள் போல அடித்தேன்.

புகையில் பக்கத்துக் கதவு தெரியவில்லை. நான் அடித்து நிறுத்தியதும் ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. யாரும் வரமாட்டார்கள், எனக்கு யாரும் வரக்கூடாது, அதுதான் நியாயம் என்று நினைத்தேன். அப்போது பதினொன்றாம் மாடியில் ஒரு மூடி அடித்தது. பிறகு பத்தில். பிறகு அதற்கும் கீழே, கீழே. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் படிப்படியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மழை நகர்ந்து போவது போல. கடைசியில் அடித்தளத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு மூடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஹஸ்னா அக்கா தலையில் துணிகூடச் சரியாகப் போடாமல் நிற்கிறார். பின்னால் லியோங் அங்கிள் பிரம்பு நாற்காலியோடு.

பவானியைப் பார்த்தார்கள். இவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாரைக் கட்டினார்கள், தூக்கினார்கள். பத்தில் கை மாறியது, எட்டில் கை மாறியது. ஏழில் யாரோ நீல நாற்காலியைச் சுவரோடு நகர்த்தி வழிவிட்டு, ஈரத் துண்டை அவள் முகத்தில் வைத்தார்கள். எனக்கு அந்த முகங்களில் பாதி பேரைப் பட்டியலில்தான் தெரியும். கீழே லோரி ஒன்று தயாராக நின்றது. எட்டு நிமிஷம், வேணி. ஒத்திகையில்கூட அவ்வளவு வேகம் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அவள் பிழைத்துவிட்டாள். இப்போது உள்ளே தூங்குகிறாள்.

மறுநாள் ஹஸ்னா அக்கா கஞ்சி கொண்டுவந்தார். மன்னித்துவிடுங்கள், ஒரு ஆளை ஒளித்து வைத்திருந்தேன் என்று தொடங்கினேன். அவர் சிரித்தார். "அடியே அமரா, அஞ்சு மாசமா உன் கொடியில ரெண்டு அளவு சட்ட காயுது. எங்களுக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா? நீயா சொல்லுவேன்னுதான் இருந்தோம்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு அவர் கஞ்சிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு உன் வீட்டுக் குக்கர் ரெண்டு விசில் அடிச்சு நின்னுச்சு. மூணாவது வீட்டுல இருந்த எனக்கே கேட்டுச்சு. கதவுக்கு வெளிய நின்னவளுக்குக் கேக்காதா?"

அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஈமச்சடங்கு நாளில் நான் உன்னைக் கட்டிப்பிடித்து, ஐயோ நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேனே, வீட்டில் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று அழுதபோது, உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஒன்றும் சொல்லாமல் என் முதுகைத் தடவிக் கொடுத்தாய். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் என் முதுகு எரிகிறது.

சொல்கிறேன், கேள். நான் வீட்டில் இருந்தேன். பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தேன். தட்டும் சத்தம் கேட்டதும் பவானியைக் கட்டிலுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். விசில் வந்ததும் ஓடி அடுப்பை அணைத்தேன். ஆபிஸ்காரர்கள் என்று நினைத்தேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவர்களுக்கு அது உண்மை. எனக்கு அது பாதி உண்மை. தட்டும் சத்தத்தோடு கண்ணாடி வளையல் சத்தமும் கேட்டது. அது யாருடைய வளையல் என்று எனக்குத் தெரியாதா? தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. சோதனைக்கு வருபவர்களிலும் வளையல் போட்ட பெண் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பதினொரு முறை தட்டினாய். எண்ணினேன். பன்னிரண்டாவது தட்டினால் திறந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். நீ தட்டவில்லை. உனக்கு நேரம் இல்லை.

என் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள உன் வீட்டுக்காரரை விட்டுவிட்டேன். வேறு எப்படி மாற்றிச் சொன்னாலும் இதுதான்.

நேற்று முன்தினம் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். போவதற்கு முன் என் பேருக்குக் கீழே பவானி என்று எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் கோணல். ஆபிஸ் அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஏற்க முடியாது, எத்தனை விதிமீறல் தெரியுமா என்றார். ஹஸ்னா அக்கா, "நீங்க ஒரு தடவ எங்க வீட்டுக்கு தே தாரேக் குடிக்க வாங்க. அப்புறம் பேசலாம்" என்று கூட்டி வந்துவிட்டார். லிஃப்ட் ஓடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் டையும் அணிந்த மனிதர், புகையில் பன்னிரண்டு மாடி ஏற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். ஏழாம் மாடியில் நீல நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், பசியாறியாச்சா என்று கேட்டார்கள். மேலே வந்து பட்டியலை மறுபடியும் விரித்து, உன் வீட்டு வரியில் விரலை வைத்து, இவர் இறந்துவிட்டதாகப் பதிவு இருக்கிறதே என்றார். "ஆமா. நீங்க அவரு நாற்காலியிலதான் உக்காந்துட்டு வந்தீங்க" என்றார் ஹஸ்னா அக்கா. அந்த மனிதர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. பட்டியலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யாரையும் இதுவரை வெளியேறச் சொல்லவில்லை. நேற்று லிஃப்டுக்கு நான்கு ஆட்கள் வந்து பெரிய பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். பவானி பேரைச் சேர்ப்பார்களா, அல்லது என்னையும் சேர்த்து அனுப்புவார்களா, அதுவும் தெரியாது. எது வந்தாலும் வாசலில் நின்று வாங்கிக்கொள்வேன். இனி உள்ளே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

உன் வீட்டைப் பற்றி மட்டும் அந்த அதிகாரி உறுதியாகச் சொன்னார். அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் உன் கையெழுத்து இருந்தால் சி-12-8 உன்னுடையதுதான். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் நீ அந்த வீட்டை விட்டுவிடாதே. உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் வேறு மாடிக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போடுகிறேன். ஆறாம் மாடியில் ஒரு வீடு காலியாகிறதாம். அண்ணன் சுவரிலும் கதவிலும் அடித்த ஆணிகள் எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கின்றன. அவை உனக்கு வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

நேற்று அண்ணன் கனவில் வந்தார். புகை இல்லை. அதே ஏழாம் மாடி, அதே நாற்காலி. நான் வெறுங்கையோடு ஏறி வந்தேன். மார்க்கெட்டுக்குப் போகவில்லை அண்ணா என்றேன். சரிம்மா, பசியாறியாச்சா என்று கேட்டார். விழித்துக்கொண்டு விடியும்வரை அழுதேன். இது என் ஆசைதான், எனக்குத் தெரியும். அவர் சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும்.

வருவதானால் போன் செய்ய வேண்டாம், எழுத வேண்டாம். மூடியும் கரண்டியும் வேண்டாம். படியேறி வா, வழியெல்லாம் நாற்காலி இருக்கிறது. உன் வீட்டைத் திறப்பதற்கு முன்னால் என் கதவை ஒரு முறை தட்டு. திட்டுவதற்காகவென்றாலும் தட்டு. பதினொரு முறை வேண்டாம். ஒரு முறை போதும்.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு. அம்மாள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

அன்றைக்கு வீட்டில் இருந்த,
அமராவதி